மாமனாரின் சிரிப்பு ஷாட்

என் படங்களைப் பற்றி வெளிநாட்டுக்காரர் ஒருவர் தலையணை கனத்துக்குப் புத்தகம் எழுதியிருக்கிறார். அதில் ஒரு முழுப் பக்கத்துக்கு என் மாமனாரின் சிரித்த முகம் அச்சாகியிருக்கிறது. கீழே, மரணம் மனிதனை மன்னிக்கும் கணம் என்று ஒரு வரி. படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. என் மாமனார் யாரையும் மன்னித்தவர் இல்லை. அழுகல் வாழைத்தாரைத் தன் தலையில் கட்டப் பார்த்த ஒருவனை, அவன் செத்துப் போன பிறகும் விடாமல் திட்டியவர். அந்தச் சிரிப்பு என்னைப் பார்த்து வந்தது. எந்தக் கோலத்தில் இருந்த என்னைப் பார்த்து வந்தது என்பது ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவுக்கே தெரியும். புத்தகம் எழுதியவருக்கு மட்டும் தெரியாது.

நான் சினிமாவுக்குள் நுழைந்தது ஸ்லைடு வழியாக. லால்குடிப் பக்கம் ஒரு டூரிங் டாக்கீஸில், 'பீடி பிடிக்காதீர்கள்', 'இடைவேளை' என்று கண்ணாடிச் சில்லில் எழுதிக் கொடுப்பேன். என் எழுத்து திரையில் பெரிதாகத் தெரிந்த அன்று, அதைப் பார்த்து ஒருவர் நிஜமாகவே பீடியை அணைத்தார். உலகத்தை மாற்றும் சக்தி எனக்கு இருக்கிறது என்று முடிவு கட்டிக்கொண்டு மெட்ராஸ் போனேன். அங்கே ஐம்பதுகளில் பாதியை ஒரு டைரக்டருக்குக் குடை பிடிப்பதில் கழித்தேன். பிறகு சொந்தப் படம் எடுக்கப் போகிறேன் என்று அறிவித்துவிட்டு, மனைவியோடு ஸ்ரீரங்கத்தில் அவள் அப்பா வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். வந்தவன் நகரவில்லை. வீட்டோடு மாப்பிள்ளை என்ற சொல்லை யாரும் என் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. பக்கத்து அறையில் இருந்து நன்றாகக் கேட்கும்.

மாமனாருக்குத் திருச்சி மார்க்கெட்டில் வாழைத்தார் மண்டி. ஜீயபுரத்தில் காவிரியை ஒட்டி வாழைத்தோட்டம். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அதற்குக் காரணம் உண்டு. ஏலத்தில் நிற்பவன் முகத்தில் எதுவும் தெரியக் கூடாது. கொஞ்சம் சிரித்தால்கூட எதிராளி விலையைப் படித்துவிடுவான். காலையில் மண்டியில் மாட்டிக்கொண்ட முகத்தை அவர் மாலையில் கழற்றவில்லை, அப்படியே பல வருஷம் போய்விட்டது. சொந்த மகள் கல்யாணத்து போட்டோவில்கூட ஏலம் விடுகிறவர் மாதிரிதான் நிற்கிறார். அந்தப் போட்டோவில் ஏலத்துக்கு நின்றது நான்.

"படம் எப்ப முடியுங்க மாப்பிள்ளை?" என்று தினமும் காலையில் கேட்பார். மரியாதையாகத்தான் கேட்பார். எனக்கு இட்லி தொண்டையில் நிற்கும்.

என் படம் பாட்டு இல்லாத படம். கதை ஒரே நாளில் நடக்கிறது. ஒரு விவசாயி செத்துக் கிடக்கிறார். மூன்று மகன்களும் பங்குக்காகச் சண்டை போட்டுவிட்டு, கடைசியில் பொழுது சாயும் நேரத்தில் பாடையைத் தூக்கிக்கொண்டு காவிரி மணலில் நடக்கிறார்கள். அவ்வளவுதான். லால்குடி ரைஸ் மில் முதலாளி ஒருவர், பாட்டு இல்லையென்றால் சீக்கிரம் முடிந்துவிடும் என்று நம்பி இதற்குத் தயாரிப்பாளர் ஆனார். பிணத்தின் முகம் கடைசிக் காட்சியில்தான் தெரிய வேண்டும். அதுவரை துணிக்குள் தலையணைகளை அடுக்கியே ஒப்பேற்றிவிட்டேன்.

கடைசி நாள் ஷூட்டிங் ஜீயபுரத்தில், மாமனாரின் தோட்டத்தை ஒட்டிய மணலில். சித்திரை மாதம். ஆற்றில் பேருக்குக்கூடத் தண்ணீர் இல்லை. பிணமாக நடிக்க ஒரு பழைய நாடக நடிகரை வரவழைத்திருந்தேன். மேடையில் ராஜாவாக எத்தனையோ முறை செத்தவர். வந்தவர், பச்சை மூங்கிலில் முறைப்படி கட்டிய பாடையைப் பார்த்தார், கட்டியவரைப் பார்த்தார், "இது அசல்ங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றோம். சோடா குடித்துவிட்டு வருகிறேன் என்று போனவர், திருச்சி பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்.

தலையில் கை வைத்து உட்கார்ந்தேன். அப்போது மெட்ராஸில் இருந்து வந்திருந்த காமிராமேன் என் தோளைத் தொட்டு, "சார், அந்த முகத்தைப் பாருங்க" என்றார். வாழைக்கன்றுகளை யாரும் மிதித்துவிடாமல் காவல் காத்துக்கொண்டு வரப்பில் நின்றிருந்தார் என் மாமனார். "உயிரோட இருக்கறவர் மூஞ்சியில இப்படி ஒரு சாவுக்களையை நான் பாத்ததே இல்ல சார்."

நான் போய்க் கேட்க முடியுமா? என் மனைவி போய்க் கேட்டாள்.

"படம் இன்னையோட முடிஞ்சிடுமா?"

"முடிஞ்சிடும்ப்பா."

"முடிஞ்சா மெட்ராஸ் போயிடுவாரா?"

"போயிடுவார்ப்பா."

"அப்ப படுக்கறேன்."

நெற்றியில் காசு ஒட்டி, தாடையைச் சுற்றி வெள்ளை வாய்க்கட்டு கட்டிப் படுக்க வைத்தோம். காமிரா ஓட ஆரம்பித்ததும் ஒரு கண்ணை மட்டும் திறந்து, "சரியா இருக்கா மாப்பிள்ளை?" என்றார். கட் சொன்னேன். மறுபடி ஓட்டினோம். மறுபடியும் அதே கண், அதே கேள்வி. பிணம் பேசக் கூடாது என்று எத்தனை முறை சொன்னாலும், "வேலையை ஒழுங்காச் செய்யறேனான்னு கேக்கக் கூடாதா?" என்று எங்கள் மேலேயே பாய்ந்தார். கடைசியில் அலுத்துப் போய், அப்படியே தூங்கிவிட்டார். படத்தில் இருப்பது அந்தத் தூக்கம்தான். மூச்சு விடுவது தெரியும். வெளிநாட்டில் அதற்கும் ஒரு பொருள் சொல்கிறார்கள்.

ஷாட் முடிந்தது. பூசணிக்காய் உடைக்கப் போனபோது காமிராமேன் கையமர்த்தினார். மாமனாரை எழுப்பி உட்கார வைத்து, "ஐயா, இப்ப காமிராவைப் பாத்து நல்லாச் சிரிங்க" என்றார்.

"எதுக்கு?"

"இது எங்க தொழில்ல வழக்கங்க. பிணமா நடிச்சவங்க எழுந்து சிரிச்சு ஒரு ஷாட் எடுத்துடணும். அப்பதான் அந்த தோஷம் விலகும். படத்துல எல்லாம் வராது, வெட்டிடுவோம். ஆனா எடுத்தே ஆகணும்."

"எடுக்கலன்னா?"

காமிராமேன் குனிந்து லென்ஸைத் துடைத்தார். அதுதான் தப்பு. மாமனார் ராகு காலத்தில் கோணி ஊசியைக்கூட எடுக்காதவர். முகம் மாறவில்லை, காது மடல் மட்டும் வெளுத்தது. "இதைப் படுக்கறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கணும்ல?" என்றார்.

சரி, சிரிக்க முயன்றார். வாயைத் திறந்தார், பல் டாக்டரிடம் காட்டுகிற மாதிரி இருந்தது. உதட்டை இரண்டு பக்கமும் இழுத்தார். யூனிட்டில் சமையல்காரர் எழுந்து தள்ளிப் போய் நின்றார். காமிராமேன் மாமியார் ஜோக் சொன்னார். "அந்தம்மா சொன்னதுதான் நியாயம்" என்றார் மாமனார். மேக்கப்காரர் உள்ளங்காலில் கிச்சுக்கிச்சு மூட்டினார். செருப்பில்லாமல் வரப்பு மிதித்த கால் அது, அவருக்கு உறைக்கவே இல்லை. ஒப்பாரிக்கு வந்திருந்த பெண்கள் முறை வைத்து ஆடிக் காட்டினார்கள். மாமனார் ஒவ்வொருவரையும் தார் பார்க்கிற மாதிரி மேலும் கீழும் பார்த்தார்.

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. வெளிச்சம் போய்விட்டால் ஷாட் இல்லை. அவருக்கும் அது தெரியும். என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, மண்டியில் ரகசியம் சொல்கிற குரலில், "வரலையே மாப்பிள்ளை" என்றார். உயிர்ப் பயம் அந்தக் குரலில் இருந்தது. அதுவரை எனக்கு எல்லாம் கூத்தாகத்தான் இருந்தது. அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு அப்படி இல்லை. என் மனைவி தலைப்பைக் கடித்துக்கொண்டு நின்றாள். "எங்கப்பாவுக்கு ஏதாவது ஆச்சுன்னா உங்களை நான் சும்மா விட மாட்டேன்" என்றாள்.

இதற்குள் இன்னொரு கூத்து. அவர் பாடையில் கிடந்ததைச் சாலையில் போன பஸ்ஸில் இருந்து யாரோ பார்த்து, மார்க்கெட்டில் போய்ச் சொல்லிவிட்டார்கள். மண்டிக்காரர்கள் கடையை அடைத்துவிட்டு, ஆளுக்கொரு மாலையோடு வண்டி கட்டிக்கொண்டு வந்து இறங்கினார்கள். வந்து பார்த்தால் செத்தவர் மணலில் உட்கார்ந்து உதட்டை இழுத்துக்கொண்டிருக்கிறார்.

சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்தேன். சண்டைக்கு வந்தார்கள். "சாவுக்குக் கொண்டாந்த மாலைங்க இது. திருப்பி வீட்டுக்கு எடுத்துட்டுப் போக முடியுமா? என்னய்யா விளையாட்டு?" என்றார் எலுமிச்சை மண்டிக்காரர். ஆற்றில் விடலாமென்றால் தண்ணீர் இல்லை. பாடை மேல் போட்டுவிடலாம் என்றேன். காலிப் பாடைக்கு மாலை விழுந்தால் அது ஆளைத் தேடும் என்றார் பாடை கட்டியவர். எங்கள் எல்லோரிலும் அதில் அனுபவம் உள்ளவர் அவர்தான். ஆக, யாராவது படுத்தே ஆக வேண்டும். மாமனார் மறுபடி படுக்க மாட்டார். ஏற்கெனவே படுத்ததற்கே இன்னும் பரிகாரம் ஆகவில்லை. எல்லோரும் சொல்லி வைத்த மாதிரி என்னைப் பார்த்தார்கள்.

படுத்தேன். வேறு என்ன செய்வது? மூங்கில் முதுகில் குத்தியது. மாலை மேல் மாலையாக விழுந்தது. சம்பங்கி வாசனையில் தும்மல் வந்தது, அடக்கிக்கொண்டேன். எலுமிச்சை மண்டிக்காரர் என் காலைத் தொட்டு, "நல்ல மனுஷன்" என்று பழக்க தோஷத்தில் சொன்னார். ஒப்பாரிப் பெண்கள் காலையில் இருந்து சும்மா உட்கார்ந்திருந்த ஆத்திரத்தையெல்லாம் சேர்த்து, என் தலைமாட்டில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு ஆரம்பித்தார்கள். "ஏங்க, எழுந்திருங்க, எனக்கு பயமா இருக்கு" என்று என் மனைவி கத்துவது நடுவில் கேட்டது. கூடவே காமிரா ஓடுகிற சத்தமும் கேட்டது.

அப்போதுதான் அவர் சிரித்தார். நான் பார்க்கவில்லை. என் பெயரை உலகமெங்கும் கொண்டுபோன அந்த ஷாட்டை எடுத்தபோது டைரக்டர் பாடையில் கண் மூடிக் கிடந்தார். பிறகு மெட்ராஸ் லேபில்தான் பார்த்தேன். அவிழ்ந்த வாய்க்கட்டு தோளில் தொங்க, நெற்றிக் காசோடு, மணலில் சப்பணமிட்டு உட்கார்ந்திருக்கிறார். காமிராவுக்குச் சற்றுத் தள்ளி எதையோ பார்க்கிறார். கண் முதலில் சிரிக்கிறது, பிறகு கன்னம், கடைசியில்தான் வாய். வீட்டோடு மாப்பிள்ளையைப் பாடையில் பார்த்த மாமனாரின் சந்தோஷம் அது. குழந்தை சிரிப்பது போல் இருக்கும்.

நான் மாலைகளைத் தள்ளிவிட்டு எழுந்தபோது மாமனார் காமிராமேனிடம் என்னவோ கேட்டுக்கொண்டிருந்தார். அவர் காமிராவின் வயிற்றைத் தட்டிக் காட்டி, ரீல் தீர்ந்துவிட்டது என்று கை விரித்தார். வெளிச்சமும் போய்விட்டது. பூசணிக்காய் உடைத்தோம். படம் முடிந்தது.

முடியவில்லை. அந்த ஷாட்டை வெட்டப் போகிறோம் என்பதை அவர் மறக்கவில்லை. "எடுத்துட்டு வெட்டினா எடுக்காத மாதிரிதானே? நல்ல தாரைக் காட்டிட்டு வேற தாரை வண்டியில ஏத்தற வேலை என்கிட்ட ஆகாது" என்றார். சரி, 'சுபம்' என்று எழுத்து வந்த பிறகு கடைசியில் ஒட்டிவிடுகிறேன் என்றேன். "சுபத்துக்கு அப்புறம் வர்றது படத்துல சேராது. முன்னாடி வரணும்." என் மனைவி என்னைப் பார்த்த பார்வையில் என் கலைக் கொள்கை அத்தனையும் ஒடுங்கியது. ஸ்ரீரங்கம் தியேட்டருக்குப் போகும் பிரதியில் மட்டும், பாடை மணலைக் கடந்ததும் அவர் சிரிக்கிற மாதிரி சேர்த்தேன். மற்றப் பிரதிகளில் கிடையாது.

ஸ்ரீரங்கத்தில் படம் பார்த்தவர்கள் வாயைப் பிளந்துகொண்டு வெளியே வந்தார்கள். செத்தவர் எழுந்து உட்கார்ந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் சிரித்ததைத்தான் நம்ப முடியவில்லை. நாலு நாளில் படத்தைத் தூக்கிவிட்டார்கள். மற்ற ஊர்களிலும் பெட்டி போன வேகத்தில் திரும்பியது. மெட்ராஸ் போன நானும் அதே வேகத்தில் மாமனார் வீட்டுக்குத் திரும்பினேன்.

பிறகு நடந்ததற்கு நான் பொறுப்பில்லை. பனி பெய்கிற ஒரு தேசத்தில் நடந்த படவிழாவுக்கு, யாரோ புண்ணியவான் டில்லியில் சிபாரிசு செய்து, என் படத்தைக் கேட்டு அனுப்பினார்கள். மற்றப் பிரதிகள் கிராமத்து டூரிங் டாக்கீஸ் மிஷின்களில் சிக்கிக் கோடு விழுந்து, படம் முழுக்க மழை பெய்துகொண்டிருந்தது. கோடு விழாதது ஸ்ரீரங்கத்துப் பிரதி ஒன்றுதான். பெட்டியைத் திறந்து பார்க்காமல் ரைஸ் மில் முதலாளி அதை அனுப்பிவிட்டார்.

விழாவில் கடைசி ரீல் ஓடும்போது மாமனார் திரையில் எழுந்து உட்கார்ந்ததைப் பார்த்து எனக்குச் சப்த நாடியும் அடங்கியது. நாற்காலிக்கு அடியில் போய்விடலாமா என்று பார்த்தேன். விளக்குப் போட்டதும் அத்தனை பேரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். தாடி வைத்த ஒருவர் மேடையில் என்னிடம், இறந்தவர் ஏன் சிரிக்கிறார் என்று கேட்டார். "அவர் என் மாமனார்" என்றேன். மொழிபெயர்த்துச் சொன்னதும் இன்னும் பலமாகத் தட்டினார்கள். பரிசும் கொடுத்தார்கள்.

ஊர் திரும்பி வெள்ளிச் சிலையை மாமனார் முன் வைத்தேன். கையில் எடுத்து எடை பார்த்தார். "இது சிரிச்சதுக்கா?"

"அப்படித்தான் சொல்றாங்க மாமா."

"உங்களைப் பாத்துதானே சிரிச்சேன். பாதி உங்களுக்கு" என்று நியாயமாகத் தீர்ப்புச் சொன்னார்.

அறுபதுகள் முழுக்க எனக்கு இதே பிழைப்பானது. அடுத்த படத்தில் யாரும் சாகவில்லை. படவிழாக்காரர்கள் மரியாதையாகத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதற்கடுத்த படத்தில் ஒரு கிழவியைச் சாகடித்துச் சிரிக்க வைத்தேன், மறுபடி பரிசு. பிறகு வெளிநாட்டுத் தயாரிப்பாளர்களே வந்தார்கள். பனியில் ஒரு வெள்ளைக்காரத் தாத்தாவைச் சவப்பெட்டியில் இருந்து எழுப்பினேன். திரும்பி வந்ததும் மாமனார் கேட்ட முதல் கேள்வி, "அந்தப் பெரியவர் நல்லாச் சிரிச்சாரா? பாவம், வயசானவரு."

ஒன்று மட்டும் எனக்குப் புரியாமல் இருந்தது. ஒவ்வொரு முறை வெளிநாடு போகும்போதும் மாமனார் ரயிலடிக்கு வந்து, வண்டி நகரும் வரை என் முகத்தையே உற்றுப் பார்ப்பார். பத்திரிகையில் என் போட்டோ வந்தால் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, 'ச்சு' கொட்டிவிட்டுத் திருப்பிக் கொடுப்பார். உலகத் தரமான டைரக்டர் போட்டோவில் சிரிக்கக் கூடாது என்று நான் உறுதியாக நம்பிய காலம் அது. எல்லாப் போட்டோவிலும் பல்வலிக்காரன் மாதிரிதான் இருப்பேன். இவருக்கு இன்னும் நம்மைப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

அந்தப் பத்தாண்டின் கடைசியில், ஒரு ஆடி மாதம், அவர் படுக்கையில் விழுந்தார். டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்றார். காவிரியில் புது வெள்ளம். காலை வெளிச்சம் ஜன்னலில் விழுந்திருந்தது. மாமனார் என் மனைவியைக் காபி போடச் சொல்லி அனுப்பிவிட்டு, என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

"அன்னைக்கு நீங்களும் பாடையில படுத்தீங்கல்ல?"

"ஆமாம் மாமா."

"மாலை போட்டாங்க, ஒப்பாரி வெச்சாங்க. என் தோஷம் போச்சு. உங்களை எழுப்பி ஒரு ஷாட் எடுக்கச் சொன்னேன். ரீல் இல்லன்னுட்டான் அந்தக் காமிராக்காரப் பய." மூச்சு வாங்கியது. "இத்தனை வருஷமாப் பாக்கறேன். ஒரு போட்டோவுலகூட நீங்க சிரிக்கல. எனக்கு என் பொண்ணு இருக்கா மாப்பிள்ளை. இதை இப்படியே விட்டுட்டு நான் எப்படிப் போறது? என் கண்ணு முன்னாடி ஒரு தடவை சிரிச்சிடுங்க."

நான் செத்ததைப் பார்த்து மகிழ்ந்து சிரித்த மனுஷன், அன்று மாலையில் இருந்தே நான் செத்துவிடக் கூடாதே என்று பயந்துகொண்டிருந்திருக்கிறார். முயன்று பார்த்தேன். உதடு கோணியது, கண்ணில் தண்ணீர் வந்தது.

"வரலையே மாமா."

"பரவாயில்ல, நிதானமா வரட்டும். அதுவரைக்கும் நான் இருக்கேன்" என்றார்.

நிஜமாகவே இருந்தார். ஆடி போய் ஆவணி வந்தது. டாக்டர் கைநாடியைப் பிடித்துப் பார்த்து, இன்னும் எப்படி இருக்கிறார் என்று புரியாமல் உதட்டைப் பிதுக்கினார். விஷயத்தை மனைவியிடம் சொன்னேன். அன்றில் இருந்து என் முன்னால் யாரும் ஜோக் சொல்லக் கூடாது என்று வீட்டில் உத்தரவு போட்டாள். ரேடியோவை எடுத்துப் பரணில் வைத்தாள். வாய்த்துடுக்கான என் ஒன்றுவிட்ட மச்சினியை வாசலோடு திருப்பி அனுப்பினாள். நான் மாமனாரின் முகத்தைக் கடன் வாங்கியவன் மாதிரி வீட்டுக்குள் நடமாடினேன். நான் சிரிக்காத வரை அவர் இருப்பார். இதை நம்பினேனா என்று கேட்டால், நம்பினேன் என்றுதான் சொல்வேன்.

புரட்டாசியில் ஒரு காலை. அவருக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. நானும் அவளும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். கையைத் தூக்கக்கூடத் தெம்பில்லாதவர், இரண்டு கையையும் மெள்ள மெள்ள நகர்த்தி மார் மேல் சேர்த்து வைத்தார். காலை நேராக நீட்டினார். கண்ணை மூடினார். அவள் "அப்பா" என்று குனிந்தாள்.

ஒரு கண் திறந்தது.

"சரியா இருக்கா மாப்பிள்ளை?"

எவ்வளவோ பல்லைக் கடித்தேன். முடியவில்லை. குபீரென்று சிரித்துவிட்டேன். அழுகையும் கூடவே வந்தது, ஆனால் சிரிப்புதான் முந்திக்கொண்டது. என் மனைவி பாய்ந்து என் வாயைக் கையால் பொத்தினாள். அதற்குள் அவர் பார்த்துவிட்டார்.

"எடுத்தாச்சு" என்றார். திறந்திருந்த கண்ணையும் மூடிக்கொண்டார்.